உடலையும் உயில் எழுதிய ஹால்டேன்

ஹால்டேன் என்ற பெயரை நம் கல்லூரி விலங்கியல் பிரிவின் பழைய மாணவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பரிணாமவியல் பேப்பரில் ஹால்டேன் விதி என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று அடிக்கடி தலைகாட்டும். இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் வாரிசுகளில் ஒரு பால் மட்டும் இல்லாமல் போனாலோ, அரிதாக இருந்தாலோ, மலடாக இருந்தாலோ, அது இருவேறு பால் குரோமோசோம்கள் கொண்ட பாலாகத்தான் இருக்கும் என்று 1922-ல் அவர் கண்டு சொன்னது. அதை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியதோடு அவருக்கும் நமக்கும் கணக்குத் தீர்ந்தது. அந்த மனிதர் இந்தியக் குடிமகனாகக் கண்ணை மூடினார் என்பதும், அவர் உடம்பு பக்கத்து மாநிலத்துக் காக்கிநாடாவில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாகப் போனது என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. உடல்தானத்தைப் பற்றி இம்மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, புத்திமதி எழுதுவதைவிட இவர் கதையைச் சொல்வது மேல் என்று பட்டது.

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். ஜே.பி.எஸ். என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தகப்பனார் ஜான் ஸ்காட் ஹால்டேன் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், சுவாசத்தைப் பற்றி ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் விபத்து என்றால் ஓடிப்போய்ப் பார்த்து, ஆட்கள் எந்த வாயுவினால் செத்தார்கள் என்று கண்டுபிடிப்பதே அவருக்கு வேலை. சுரங்கத்துக்குள் சிறு பறவையைக் கொண்டுபோய் விஷவாயுவை முன்கூட்டியே அறியலாம் என்று வழிகாட்டியவரும் அவர்தான். ஆழ்கடலில் மூழ்குபவர்கள் எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை 1908-ல் வெளியிட்டவரும் அவரே. தங்கை நவோமி மிட்சிசன் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரானார்.

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தால் வீட்டில் சும்மா உட்கார முடியுமா? நாலு வயசில் கீழே விழுந்து நெற்றியில் ரத்தம் வழிந்தபோது, இது ஆக்சிஜன் கலந்த ரத்தமா, கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தமா என்று அந்தக் குழந்தை கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை கொஞ்சம் ஏறியிருக்கலாம், ஆனால் அந்த வீட்டில் அது நடக்கக்கூடியதுதான். அப்பா பையனைச் சுரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மீத்தேன் வாயு மேலே தேங்கி நின்ற இடத்தில் எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கால் துவண்டு பையன் தரையில் விழுந்தான். தரையோடு ஒட்டிய காற்று நன்றாக இருந்ததால் தெளிந்துகொண்டான். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே நிற்கும் என்ற பாடம் சாகும்வரை மறக்கவில்லை. 13 வயசில் ஸ்காட்லாந்துக் கடலில் முக்குளிப்பான் உடுப்பு மாட்டி இறக்கிவிட்டார். உடுப்பு பையனுக்குப் பெரிசு, தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. நம் ஊரில் எந்தத் தகப்பனாவது இப்படிச் செய்தால் அம்மாக்காரி அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு நியூ காலேஜிலும் படித்தார். கணிதத்தில் முதல் வகுப்பு, பிறகு கிரேக்க லத்தீன் இலக்கியமும் தத்துவமும் எடுத்து 1914-ல் அதிலும் முதல் வகுப்பு. விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே கிடையாது. இதை நம் கலைப் பிரிவு நண்பர்கள் கவனிக்கவேண்டும்! முதல் உலகப்போர் வந்ததும் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்ஸிலும் மெசபடோமியாவிலும் சண்டை போட்டார், இரண்டு இடத்திலும் காயம் பட்டார். நடுவில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவிவிட்டபோது, முகமூடி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க அப்பாவும் பிள்ளையும் குளோரின் அடைத்த அறைக்குள் போய் மூச்சிழுத்துப் பார்த்தார்கள். எலிகள் பற்றிய அவருடைய முதல் மரபியல் கட்டுரை 1915-ல் வெளிவந்தது. உடன் எழுதியவர்கள் தங்கை நவோமியும், ஸ்பிரண்ட் என்ற நண்பரும். அந்த நண்பர் போரில் மாண்டுபோனார்.

மெசபடோமியாவில் பட்ட காயம் ஆறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்த நாடு அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வெள்ளைக்கார அதிகாரியாக இருந்துகொண்டு இந்தியர்களோடு சமமாக உட்கார்ந்து பேசமுடியாத நிலை பிடிக்கவில்லை. இனி வந்தால் சமமாகப் பழக முடிகிற காலத்தில்தான் வரவேண்டும் என்று மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டார். அந்த வருகைக்கு 40 வருஷம் ஆயிற்று.

போருக்குப் பிறகு கொஞ்ச காலம் ஆக்ஸ்போர்டு, 1923 முதல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல். நொதிகள் வேலை செய்யும் வேகத்தைப் பற்றி பிரிக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1925-ல் எழுதிய சமன்பாடு இன்றைக்கும் உயிர்வேதியியல் புத்தகங்களில் இருக்கிறது. அதே சமயத்தில் சார்லட் என்ற பத்திரிகையாளரைக் காதலித்து, அவருடைய விவாகரத்து வழக்கில் பெயர் அடிபட்டு, பல்கலைக்கழகத்து ஆறு பேர் கமிட்டி இவரை வேலையை விட்டு நீக்கியது. அப்பீல் செய்து ஜெயித்து, 1926-ல் சார்லட்டைக் கல்யாணமும் செய்துகொண்டார். இந்த அமளிக்கெல்லாம் நடுவே டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வைக் கணக்காகப் போட்டுக் காட்டும் கட்டுரைகளை 1924-லிருந்து வரிசையாக எழுதினார். இங்கிலாந்துத் தொழில் நகரங்களில் கரிப்புகை படிந்த மரங்களுக்கு ஏற்றாற்போல விட்டில்பூச்சிகள் கறுத்துப்போனதை எடுத்துக்கொண்டு, கறுப்புப் பூச்சி வெள்ளைப் பூச்சியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிழைத்திருந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் மாறியிருக்க முடியும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். காட்டில் போய்ச் சோதித்து இயற்கைத் தேர்வு அவ்வளவு பலமாக வேலை செய்வதை மற்றவர்கள் காட்டியது 1950-களில்தான். ஃபிஷர், சிவல் ரைட், ஹால்டேன் என்று மூன்று பேரையும் சேர்த்தே சொல்வது வழக்கம். மக்கள்தொகை மரபியலுக்கு இந்த மூவர்தான் மூலவர்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். தகப்பனாரிடம் கற்ற பழக்கம் விடவில்லை. ரத்தத்தில் அமிலம் கூடினால் என்ன ஆகும் என்று தெரியவேண்டும். நாய்க்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாதே! எனவே தானே அமிலத்தைக் கரைத்துக் குடித்துப் பார்த்தார், பிறகு நவச்சாரம் என்று நாம் சொல்லும் அம்மோனியம் குளோரைடை ஏகத்துக்குக் குடித்தார். நாள்கணக்கில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அந்தச் சோதனையின் பலனாக, ரத்தத்தில் காரம் மிகுந்து வலிப்பு வரும் கைக்குழந்தைகளுக்கு அதே உப்பைக் கொடுத்து வைத்தியம் பார்க்க வழி பிறந்தது. தனக்குத் தானே சோதனை முயலாக இருப்பதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். வேடிக்கையாக எழுதப்பட்டது, படித்தால் வயிறு கலங்கும்.

1933-ல் லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பேராசிரியரானார். அந்தக் கல்லூரியில் ஒரு விசேஷம் உண்டு. ஜெரமி பெந்தம் என்ற சட்ட மேதை 1832 ஜூன் 6-ஆம் தேதி காலமாகும் முன், தன் உடலை மாணவர்கள் முன்னிலையில் அறுத்துப் பாடம் நடத்தவேண்டும் என்று எழுதிவைத்தார். மூன்று நாள் கழித்து அவருடைய டாக்டர் நண்பர் சவுத்வுட் ஸ்மித் அப்படியே செய்தார். எலும்புக்கூட்டுக்கு அவருடைய சட்டை, கோட்டு, தொப்பியெல்லாம் போட்டு, மெழுகுத் தலை வைத்து, நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். இன்றும் அந்தக் கல்லூரியில் பார்க்கலாம். 24 வருஷம் அதே கல்லூரியில் வேலை பார்த்த ஹால்டேன் அதை எத்தனை முறை கடந்து போயிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பெந்தம் அப்படி எழுதிவைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் தூக்கில் போடப்பட்ட கொலைகாரர்களின் பிணம் மட்டுமே சட்டப்படி மருத்துவப் பள்ளிகளுக்குக் கிடைக்கும். பிள்ளைகள் கூட்டமோ பெருகிக்கொண்டே போயிற்று. ராத்திரியில் இடுகாட்டைத் தோண்டிப் பிணம் திருடி விற்பது ஒரு தொழிலாகவே ஆனது. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டுகிற சிரமம்கூட எதற்கு என்று, தங்கள் விடுதிக்கு வந்தவர்களையும் ஏழைகளையும் கொன்றே விற்றார்கள். 1828-ல் மட்டும் 16 பேர். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கில் போட்டு அவன் உடலையும் அறுத்தார்கள். அவன் எலும்புக்கூடு இன்னமும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1832-லேயே உடற்கூறுச் சட்டம் வந்தது. திருட்டு நின்றது, ஆனால் கேட்பாரற்றுச் செத்த ஏழைகளின் உடலைத்தான் அந்தச் சட்டம் கைகாட்டியது. கொலைகாரனுக்குக் கிடைத்த தண்டனை ஏழைக்குப் போயிற்று என்று அப்போதே பலர் வயிறெரிந்தார்கள்.

நம் நாட்டிலும் கதை அதிக வித்தியாசமில்லை. 1835-ல் கல்கத்தாவிலும் சென்னையிலும் மருத்துவப் பள்ளிகள் தொடங்கின. 1836-ல் கல்கத்தாவில் பண்டிட் மதுசூதன் குப்தா என்ற வைத்தியர், ஜாதியார் என்ன சொல்வார்களோ என்று பாராமல் பிணத்தில் கத்தி வைத்தார். அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றுகூடச் சொல்வார்கள். நம் மாநிலத்தில் 1951-ஆம் வருஷத்து உடற்கூறுச் சட்டம் இருக்கிறது. அதுவும் முக்கியமாக யாரும் கேட்டு வராத உடல்களைப் பற்றியதுதான். ரயிலடியில் படுத்துக் கிடந்து, தர்மாஸ்பத்திரியில் கண்ணை மூடிய யாரோ ஒரு பெரியவர்தான் பல வருஷங்களாக நம் டாக்டர்களுக்கு முதல் வாத்தியார். அவரை யாரும் சம்மதம் கேட்டதில்லை. சாகும் முன்பே நல்ல நினைவோடு, என் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று படித்த மனிதர் ஒருவர் எழுதிக்கொடுப்பது எவ்வளவு வேறானது என்று இதை வைத்துப் பார்த்தால் புரியும்.

1939 ஜூன் 1-ஆம் தேதி தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே சோதனை ஓட்டத்தில் மூழ்கி 99 பேர் மாண்டார்கள். தப்பியவர் நாலே பேர். செத்தவர்களில் பலர் கப்பல் கட்டிய தொழிலாளிகள். தொழிற்சங்கங்கள் ஹால்டேனைக் கூப்பிட்டு, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கண்டு சொல்லச் சொன்னார்கள். இவர் என்ன செய்தார்? ஸ்பெயின் போரில் பாசிஸ்டுகளை எதிர்த்துச் சண்டையிட்டுத் திரும்பிய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, இரும்பு அறையில் தன்னைப் பூட்டி, கரியமில வாயுவையும் அழுத்தத்தையும் ஏற்றச் சொல்லிக் கணக்கெடுத்தார். போர்க்காலம் முழுக்கக் கடற்படைக்காக இதே வேலை. அதிக அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்து வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது. அந்த வலி கடைசிவரை போகவில்லை. செவிப்பறை கிழிந்து, சுருட்டுப் புகையைக் காதுவழியாக விடமுடியும் என்று விருந்துகளில் பெருமை பேசுவாராம். இப்படித் தன் உடம்பை உயிரோடு இருக்கும்போதே ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டவர் அவர்.

அரசியலில் அவர் இடதுசாரி. 1942-ல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். டெய்லி வொர்க்கர் பத்திரிகையில் தொழிலாளிகளுக்குப் புரிகிற பாஷையில் 300-க்கும் மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே பொய் என்று சொல்லி உண்மையான விஞ்ஞானிகளைத் துரத்தியபோது, கட்சிக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பட்டும் படாமலும் பேசினார். அவர் வாழ்க்கையில் நெருடுகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். 1950 வாக்கில் மெல்ல விலகிவிட்டார். சார்லட்டோடு விவாகரத்தாகி, 1945-ல் ஹெலன் ஸ்பர்வே என்ற மாணவியை மணந்தார். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1956-ல் லண்டன் தெருவில் போலீஸ் நாயின் வாலை மிதித்துத் தகராறாகி, அபராதம் கட்டமாட்டேன் என்று ஜெயிலுக்கே போனார்.

அந்த வருஷம்தான் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டன் எகிப்தின்மேல் படையெடுத்தது. இதற்குமேல் இந்த நாட்டில் இருக்கமாட்டேன் என்று சொல்லி, மகலனோபிஸின் அழைப்பை ஏற்று 1957-ல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு மனைவியோடு வந்து சேர்ந்தார். இன்னொரு காரணமும் சொல்வார். 60 வருஷமாகக் காலுறை மாட்டி அலுத்துவிட்டது, அது தேவைப்படாத ஊரில் இருக்க ஆசை என்பார். வந்ததும் வேட்டி ஜிப்பாவுக்கு மாறினார், மாமிசத்தை விட்டார். கீதையையும் வேதாந்தத்தையும் படித்தார், நம்பினார் என்று சொல்லமுடியாது. 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார்.

இங்கே அவர் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விலை உயர்ந்த கருவி இல்லை என்று இந்திய மாணவர்கள் அழக்கூடாது, கண்ணும் பென்சிலும் பொறுமையும் போதும் என்பது அவர் கட்சி. ராய் என்ற இளைஞரைப் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ணவைத்தார். ஜயகர் என்பவர் ஆள்காட்டிக் குருவி அடைகாப்பதைப் பொழுதெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். துரோணம்ராஜு உன்னிப் பூவில் எந்த வண்ணத்துப்பூச்சி எந்த நிறத்துக்கு வருகிறது என்று எண்ணினார். ஆந்திரக் கடலோரத்தில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கத்தைப் பற்றியும் அவர் கணக்கெடுத்தார். டேவிஸ் என்பவர் தென்னை மரங்களில் மட்டைகள் வலப்பக்கமாகச் சுற்றுவது, இடப்பக்கமாகச் சுற்றுவது என்று இரண்டு வகை உண்டு, இடப்பக்க மரம் கொஞ்சம் அதிகம் காய்க்கிறது என்று கண்டார். நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற மரம், யாராவது எண்ணினோமா?

நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைகள் ஒத்துவராமல் 1961-ல் விலகினார். அடுத்த வருஷம் ஒரிசா அரசின் ஆதரவில் புவனேஸ்வரத்தில் மரபியல், உயிர்க்கணிதவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்து அங்கேயே குடியேறினார். வயது அப்போது 70-ஐ நெருங்கிவிட்டது. மலேரியா பரவிய நாடுகளில் சில ரத்தக் கோளாறுகள் ஏன் ஒழியாமல் இருக்கின்றன என்று 1949-ல் அவர் சொல்லியிருந்த யூகம் அதற்குள் உலகம் ஒப்புக்கொண்ட உண்மையாகியிருந்தது. கோளாறுக்கான மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவாக அண்டுவதில்லை, அதனால்தான் அது தலைமுறை தலைமுறையாக நிற்கிறது என்பதே அந்த விஷயம்.

1963 அக்டோபரில் உயிரின் தோற்றம் பற்றிய மாநாட்டுக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா போனார். உயிர் எப்படிக் கடல்நீரில் பிறந்திருக்கலாம் என்று 1920-களில் தனித்தனியாக எழுதிய ரஷ்யரான ஒபாரினும் இவரும் அங்கே சந்தித்துக்கொண்டார்கள். அந்தப் பயணத்தில்தான் ரத்தப்போக்கு தெரியவந்தது. லண்டனில் யூனிவர்சிடி காலேஜ் ஆஸ்பத்திரியில் மலக்குடலில் புற்றுநோய் என்று சொல்லி அறுவை செய்தார்கள். படுக்கையில் இருந்தபடியே தன் வியாதியைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு எழுதி, 1964 பிப்ரவரியில் நியூ ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் வெளியிட்டார். சிலருக்கு அது அருவருப்பாகப் பட்டது. அவருக்கோ ஒரே குறிக்கோள்தான்: வெட்கப்பட்டுக்கொண்டு நாளைத் தள்ளாமல் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள் என்று சொல்வது. அதே சமயம் பி.பி.சி. தொலைக்காட்சிக்குத் தன் இரங்கல் உரையைத் தானே பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்தார்! அவர் காலமான பிறகு அதை ஒளிபரப்பினார்கள்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பினாலும் நோய் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. 1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். அவருடைய உயிலில் உடலைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. ஆராய்ச்சிக்கோ பாடம் நடத்துவதற்கோ உடலைப் பயன்படுத்த வேண்டும். உயிரோடு இருந்தபோதே அது இரண்டுக்கும் பயன்பட்டிருக்கிறது. செத்தபின் தான் ஏதோ ஒரு வகையில் இருந்தாலும் சரி, இல்லாமற் போனாலும் சரி, அந்த உடம்பு தனக்கு இனி வேண்டாம், வேறு யாருக்காவது உபயோகமாகட்டும். உடலைக் குளிரவைத்துக் கெடாமல் பாதுகாக்க வசதி இருந்தால், தன் சொத்திலிருந்து முதல் செலவு அதற்குத்தான். சாராம்சம் இவ்வளவே. அதன்படி உடல் ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. 1958-ல் தொடங்கி அப்போது ஆறே வயதான கல்லூரி. உலகத்தின் எந்தப் பெரிய கல்லூரியும் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடிய உடம்பு அது. ஹெலன் அம்மையார் இந்தியாவிலேயே தங்கி 1978-ல் காலமானார். கல்கத்தாவில் சயின்ஸ் சிட்டி இருக்கிற சாலைக்கு ஹால்டேன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த முதல் செலவு விஷயத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சொர்க்கம் நரகம் பற்றி அவர் சண்டைக்கு வரவில்லை. இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, நம் நாட்டு வெயிலில் பிணம் கெட்டுப்போகுமே என்ற நடைமுறைக் கவலையைத்தான் பட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் உயிலில் முதல் செலவாகக் கடனையோ, கருமாதியையோ எழுதுவோம்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். உடல்தானம் என்று பேச்செடுத்தாலே பெண்ணாடத்தில், இது நாத்திகர்கள் சமாசாரம் என்றுதான் பெரியவர்கள் முதலில் சொல்வார்கள். ஆனால் உடம்பையும் உயிரையும் பற்றி எங்கள் ஊருக்குச் சொந்தமாகவே ஒரு சரித்திரம் இருக்கிறது. சமணத்திலிருந்து திரும்பிய அப்பர் பெருமான், அந்தச் சமயத்தில் கிடந்த இந்த உடம்போடு உயிர்வாழப் பிடிக்கவில்லை, சூலமும் இடபமும் என்மேல் பொறித்தருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டது எங்கள் தூங்கானை மாடத்தில்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் தகப்பனார் அச்சுத களப்பாளரும் பெண்ணாடத்துக்காரர். அந்த நூலில் ஒரு வாதம் வருகிறது. என் வீடு, என் மாடு என்று சொல்வதுபோலவே என் உடம்பு என்றும் சொல்கிறோம், அப்படியானால் சொல்கிறவன் உடம்புக்கு வேறானவன்தானே என்பது அதன் போக்கு. ஹால்டேன் ஆன்மா உண்டு என்று ஒப்புக்கொள்ளாதவர், மெய்கண்டார் அதை நிலைநாட்டியவர். உடம்பு வேறு, நான் வேறு என்ற இடத்தில் மட்டும் இருவரும் ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள் என்று நான் சொன்னால் சைவ நண்பர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் வாதத்தில் ஜெயிப்பது வேறு, வீட்டில் ஜெயிப்பது வேறு. நானும் படிவம் வாங்கி வந்து பூர்த்தி செய்து பீரோவில் வைத்து ஒரு வருஷமாகிறது. பிள்ளைகள் கையெழுத்துப் போடவில்லை. பெரியவன், கொள்ளி வைக்கிற உரிமையை எங்களிடமிருந்து பிடுங்குகிறீர்களே அப்பா என்கிறான். என் மனைவிக்கு, காடாத்தி எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைக்காவிட்டால் போனவர் போனதாகவே மனசு ஒப்பாது என்கிற கவலை. இதைச் சும்மா மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு வாய் வரவில்லை. செத்தவருக்கு உடம்பு வேண்டாம், சரி. இருப்பவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு அது வேண்டியிருக்கிறது. ஹால்டேனுக்குக்கூட ஹெலன் என்ற மனைவி சம்மதமாக இருந்ததால்தான் காரியம் நடந்தது.

சங்கத்தில் பலர் கேட்பதால் நடைமுறையையும் எழுதிவிடுகிறேன். உறுப்பு தானமும் உடல்தானமும் ஒன்றல்ல. மூளைச்சாவு ஏற்பட்டவரிடமிருந்து ஆஸ்பத்திரியிலேயே சிறுநீரகம், கல்லீரல், இருதயம் போன்றவற்றை எடுத்துப் பிறருக்குப் பொருத்துவது உறுப்பு தானம், அதற்கு 1994-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. 2008-ல் ஹிதேந்திரன் என்ற இளைஞனின் பெற்றோர் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் அது வீட்டுப் பேச்சானது. உடல்தானம் என்பது சாதாரணமாகக் காலமானவரின் முழு உடலையும் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குக் கொடுப்பது. அங்கே ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த மருந்தைச் செலுத்திப் பதப்படுத்துவார்கள். முதல் வருஷத்துப் பிள்ளைகள் அதில்தான் நரம்பையும் நாளத்தையும் தொட்டுப் படிப்பார்கள். இப்போது பல கல்லூரிகளில், தொடங்கும் முன் அந்த உடலுக்கு மரியாதை செய்து உறுதிமொழி எடுக்கச் செய்கிறார்கள்.

நம் பகுதிக்கு அருகில் அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிவிட்டது. பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து நண்பர்கள் அங்கேயுள்ள உடற்கூறியல் துறையில் விசாரிக்கலாம். படிவத்தில் உங்கள் கையெழுத்தோடு சாட்சிகளும், நெருங்கிய உறவினர் சம்மதமும் வேண்டும். விபத்து, தற்கொலை என்று போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் வாங்கமாட்டார்கள். கண்களைத் தானம் செய்துவிட்டு உடலைக் கொடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை, ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாகவேண்டும். உயிர் பிரிந்ததும் டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கிக் கல்லூரிக்குத் தகவல் சொல்லவேண்டியவர்கள் வீட்டார்தான். நாம் எழுதிக்கொடுத்திருந்தாலும் அவர்கள் மறுத்துவிட்டால் எந்தக் கல்லூரியும் வற்புறுத்தி வாங்காது. ஆகவே படிவத்தின் நகல் ஒன்றைப் பீரோவில் பூட்டாமல், ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். சங்கத்திலும் ஒரு நகல் கொடுத்தால் பதிவேட்டில் ஒட்டிவைப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.